அவள் பெயரில் ஒரு பஸ் டிக்கெட்

குழந்தைப் புற்றுநோயில் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் அது 30 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நோய் வருகிறது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. மருந்து கிடைக்காததுதான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். புற்றுநோய் வார்டில் கொஞ்ச நாள் புழங்கினால் மற்ற காரணங்கள் கண்ணில் படும். நோயைப் பிந்திக் கண்டுபிடிப்பது ஒன்று. சிகிச்சை பாதியில் நின்றுபோவது இன்னொன்று. தொடர்ந்து 4 வாரம் பிள்ளை வரவில்லை என்றால், பாதியில் நின்றவர் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள்.

ஏன் வரவில்லை? நடவு நேரம், ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஆளில்லை. வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். எல்லாவற்றுக்கும் மேல், முதல் மாதக் கீமோவிலேயே காய்ச்சல் விட்டு, பிள்ளை ஓடியாடத் தொடங்கிவிட்டது. "நல்லாதானே இருக்கு, இன்னும் எதுக்கு அதை ஊசியால குத்திக்கிட்டு" என்று ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்கள். ப்ளட் கேன்சர் என்று நாம் சொல்லும் லுக்கேமியாவில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகைக்கு இரண்டிலிருந்து மூன்று ஆண்டு மருந்து கொடுக்க வேண்டும். வெளியே தெரியாத செல்களைத் தேடித் தேடி அழிக்கவே அவ்வளவு காலம். நடுவில் விட்டால் நோய் திரும்பும். திரும்பிய நோயை விரட்டுவது முதல் தடவையைவிடக் கடினம்.

கலைஞர் காலத்தில் தொடங்கி இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது இந்தக் குடும்பங்களுக்குப் பெரிய பிடிமானம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை. ஆனால் பஸ் டிக்கெட்டும், கூட இருப்பவரின் மூன்று வேளைச் சாப்பாடும், அப்பா இழந்த கூலியும் அந்தக் காப்பீட்டில் வராது. ஒரு பிள்ளையின் உயிர் சில நூறு ரூபாய் பஸ் காசில் தொங்குகிற நாட்கள் உண்டு. அந்தக் காசைத் தர்மக் கணக்கில் எழுதுவது தவறு என்பது என் எண்ணம். அதை மருந்துச் செலவில்தான் எழுத வேண்டும்.

*

நான் சொல்ல வந்தது ஒரு அக்காவைப் பற்றி. திருவண்ணாமலைப் பக்கம் ஊர். பெயர் எழுத வேண்டாம். அவர் மகள் ஏழு வயதில் லுக்கேமியாவில் போனாள். சிகிச்சை முடிந்து, முடி வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், மறுபடி நோய் வந்து போனாள். அந்த அக்கா இப்போது மாதத்தில் சில நாட்கள் சென்னை வந்து, மகள் படுத்திருந்த அதே மாதிரியான வார்டு ஒன்றின் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

முதல் நாள் வரும் குடும்பம் எது என்று பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். தாய் ஃபைலை நெஞ்சோடு அணைத்திருப்பாள். தகப்பன் எந்தக் கவுன்டரில் நிற்பது என்று தெரியாமல் இரண்டு வரிசைக்கு நடுவில் நிற்பான். அக்கா எழுந்து போய், "வாம்மா, இப்படி உக்காரு. பாப்பா ஏதாவது சாப்பிட்டிச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

பிறகு ஒவ்வொன்றாக. ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் பத்துப் பத்து நகல் எடுத்து வைத்துக்கொள். ஃபைலைப் பிளாஸ்டிக் கவரில் போடு, மழையில் நனைந்தால் ரிப்போர்ட் எல்லாம் திரும்ப எடுக்க அலைய வேண்டும். வெந்நீர் அந்தப் பக்கம் கிடைக்கும். வெள்ளை அணுக் கவுண்ட் இறங்கியிருக்கும்போது பாப்பாவை யாரும் தூக்கி முத்தம் கொடுக்கக் கூடாது, உன் மாமியாரே ஆனாலும் கண்டிப்பாகச் சொல்லிவிடு. தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு. 100.4 காட்டினால் விடியட்டும் என்று உட்காராதே, ராத்திரி எந்நேரமானாலும் கிளம்பி வா, காய்ச்சலுக்கு நீயாக மாத்திரை கொடுத்து அமுக்காதே.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்வார். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மணிக்கணக்கு முக்கியம். டாக்டரும் சொல்லியிருப்பார், நர்ஸும் சொல்லியிருப்பார். ஆனால் முதல் நாள் காதில் எதுவும் ஏறாது. அக்கா சொன்னது ஏறும்.

ரயில் சலுகை பற்றியும் அவர்தான் சொல்வார். ஸ்லீப்பர் வகுப்பில் புற்றுநோயாளிக்கு டிக்கெட் முழுவதும் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை தரும் சான்றிதழ் இருந்தால் போதும். இது தெரியாமல் மாதக்கணக்கில் முழுக் காசு கொடுத்து வந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

*

"உங்க பாப்பா இப்ப எப்படி இருக்கா அக்கா?" என்று எப்படியும் யாராவது கேட்பார்கள்.

அவராக முந்திக்கொண்டு சொல்வதில்லை. பொய்யும் சொல்வதில்லை. "என் பொண்ணு போயிட்டா கண்ணு. அவளுக்கு வந்தது திரும்பி வந்த நோய். உன் பாப்பாவுக்கு டாக்டர் என்ன சொன்னாங்களோ அதை மட்டும் நினைச்சுக்கோ" என்பார். எதிரில் இருப்பவளின் முகம் மாறும். சிலர் எழுந்து போய்விடுவதும் உண்டு. பெரும்பாலானவர்கள் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். இவ்வளவு நடந்தும் இவள் உட்கார்ந்து வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று சொல்கிறாளே என்பதில் ஏதோ ஒரு தைரியம் கிடைக்கிறது போல. அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், விளக்கத் தெரியவில்லை.

பிள்ளையை இழந்த பெற்றோரை வார்டுக்குள் விடலாமா என்று மருத்துவமனைகள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இழந்த கையோடு வந்தால் அது அவர்களுக்கும் நல்லதில்லை, புதிதாக வந்தவர்களுக்கும் நல்லதில்லை. தன் பிள்ளைக்குக் கொடுத்த மருந்தையும் இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தையும் ஒப்பிடத் தொடங்கினால் ஆபத்து. நாட்டு மருந்து சிபாரிசு செய்தால் அதைவிட ஆபத்து. எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். அது கொடுக்கப்படும் இடங்களில் இந்தத் தாய் தகப்பன்மார் செய்யும் வேலையை வேறு யாராலும் செய்ய முடியாது.

*

1968. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரம். ஒரே மருத்துவமனையில் இரண்டு சிறுவர்கள். கென்னத் பள்ளிக்குப் போகும் வழியில் வண்டி மோதிச் சாகக் கிடந்தவன். பில்லிக்குப் புற்றுநோய். இருவரும் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். பில்லியின் அடக்கத்துக்குக் கென்னத்தின் பெற்றோர் பூ அனுப்பினார்கள். பில்லியின் பெற்றோர் நன்றி சொல்லக் கூப்பிட்டார்கள். இரண்டு குடும்பமும் தேநீர் மேசையில் உட்கார்ந்து தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசித் தீர்த்தார்கள்.

அந்த மருத்துவமனையில் பணிபுரிந்த இளம் பாதிரியார் சைமன் ஸ்டீஃபன்ஸ் இதைக் கவனித்தார். தான் படித்துக்கொண்டு வந்து சொன்ன ஆறுதலைவிட, இவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது பெரிது என்று அவருக்குப் புரிந்தது. அடுத்த ஆண்டே, 1969-ல், 'தி கம்பேஷனேட் ஃபிரெண்ட்ஸ்' தொடங்கியது. பிள்ளையை இழந்தவர்கள் பிள்ளையை இழந்தவர்களுக்குத் துணை நிற்கும் அமைப்பு. இன்று பல நாடுகளில் இருக்கிறது. யாரோ ஒரு குடும்பம், தன் பிள்ளையை இழந்த சில நாட்களில், பக்கத்துக் கட்டில்காரர்களுக்குப் பூ அனுப்ப நினைத்ததே இதற்கெல்லாம் ஆரம்பம். அந்த மனது எங்கிருந்து வந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.

*

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

கல்யாண வீட்டில், பஸ்ஸில், புதிதாகக் குடிவந்த தெருவில் சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி. அந்த அக்கா இதற்குப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆனதாம். ஒன்று என்றால் செத்தவளை இன்னொரு தடவை சாகடித்த மாதிரி. இரண்டு என்றால் "என்ன படிக்கிறாங்க?" என்று அடுத்த கேள்வி. இப்போது, "ரெண்டு. பெரியவ இல்ல. சின்னவன் ஆறாவது படிக்கிறான்" என்கிறார். கேட்டவர் சங்கடப்பட்டால் படட்டும் என்று விட்டுவிடுகிறார்.

நம் ஊரில் செத்த பிள்ளையின் பெயரை எடுக்க மாட்டார்கள். புண்ணைக் கிளறக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்வார்கள். உறவினர் வீட்டில் அதே பெயருள்ள குழந்தையை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தாய்க்கு வேண்டியது நேர் எதிர். யாராவது அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறாள்.

இறந்தவரிடமிருந்து மனதை முழுக்கப் பிரித்துக்கொள்வதுதான் ஆரோக்கியம் என்று மேற்கத்திய உளவியலும் நெடுங்காலம் சொல்லிவந்தது. 1996-ல் டென்னிஸ் கிளாஸும் வேறு இருவரும் தொகுத்த ஒரு நூல் அந்தக் கருத்தை அசைத்தது. கிளாஸ் பிள்ளையை இழந்த பெற்றோரின் குழுக்களோடு பல ஆண்டு பழகியவர். உறவு அறுவதில்லை, வேறு உருவம் எடுத்துத் தொடர்கிறது, அது நோயில்லை என்று அவர்கள் எழுதினார்கள். திதி கொடுத்து, படையல் வைத்து, பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைக்கும் நமக்கு இது புதிதில்லை. ஆனால் சின்னப் பிள்ளை என்று வரும்போது மட்டும் ஏனோ எல்லாவற்றையும் மூடி வைத்துவிடுகிறோம். அந்த அக்கா தன் மகளின் பெயரில் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் பஸ் காசு கொடுக்கும்போது, ரசீதில் அந்தப் பெயர் எழுதப்படுகிறது. யாரோ ஒரு குமாஸ்தா அதை வாய்விட்டுப் படிக்கிறார். அவருக்கு அது போதுமாக இருக்கிறது.

*

மற்றப் பிள்ளைகளுக்கு உதவும் இந்தக் காரியத்தைப் பிள்ளையே தொடங்கி வைத்துவிட்டுப் போனதும் உண்டு.

அலெக்ஸாண்ட்ரா ஸ்காட், 1996 ஜனவரியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தாள். முதல் பிறந்தநாள் வருவதற்குள் நியூரோபிளாஸ்டோமா என்று கண்டுபிடித்தார்கள். நரம்பு செல்களிலிருந்து கிளம்பி, சின்னக் குழந்தைகளையே பெரும்பாலும் பிடிக்கும் புற்று. நடக்கவே மாட்டாள் என்று நினைத்த குழந்தை நடந்தாள். நான்காவது பிறந்தநாளுக்கு மறுநாள் அவளுக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை. மருத்துவமனையிலிருந்து வெளியே போனதும் எலுமிச்சைச் சாறு விற்கும் கடை போட வேண்டும் என்றாள் அம்மாவிடம். எதற்கு? தன்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்குக் கொடுக்க, அவர்கள் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவ. 2000-ம் ஆண்டு கோடையில் அண்ணனோடு வீட்டு முன்னால் கடை போட்டாள். 2,000 டாலர் சேர்ந்தது.

வருடா வருடம் கடை. சிகிச்சைக்காகக் குடும்பமே ஃபிலடெல்ஃபியா பக்கம் குடிபெயர்ந்தது. செய்தி பரவி, அவள் முகம் அறியாதவர்களும் தங்கள் ஊரில் அவள் பெயரில் கடை போட்டார்கள். 2004 ஆகஸ்ட் 1 அன்று எட்டு வயதில் அவள் இறந்தபோது 10 லட்சம் டாலர் சேர்ந்திருந்தது. பெற்றோர் லிஸ், ஜே இருவரும் 2005-ல் அதை ஓர் அறக்கட்டளையாகப் பதிவு செய்தார்கள். இதுவரை 25 கோடி டாலருக்கும் மேல் திரட்டியிருக்கிறார்கள். பெரும்பகுதி ஆராய்ச்சிக்கு.

எனக்குப் பிடித்தது அதன் சிறு கிளைகள். தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும் குடும்பத்துக்கு விமானம், பெட்ரோல், தங்குமிடச் செலவு. நோய் வந்த பிள்ளையின் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்காகவே ஒரு தனித் திட்டம். அவர்கள் பெயரிட்டுத் தபாலில் வாழ்த்தும் விளையாட்டும் போகும். அலெக்ஸுக்குக் கூடப்பிறந்தவர்கள் மூன்று பையன்கள். அந்த வீட்டில் அவர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்பதைத் தெரிந்தவர்கள் போட்ட திட்டம் என்பது தெரிகிறது.

*

கூடப்பிறந்தவர்கள். நம் ஊரில் இவர்களைப் பற்றி யாரும் பேசுவதேயில்லை.

அம்மாவும் அப்பாவும் சென்னைக்குப் போய்விடுகிறார்கள். மூத்தவன் பாட்டி வீட்டில், இளையவள் பெரியம்மா வீட்டில். பரீட்சையில் தேறினாலும் தவறினாலும் கேட்க ஆளில்லை. வாங்கி வரும் பொம்மையெல்லாம் நோய்ப்பட்ட பிள்ளைக்கு. தம்பியோடு சண்டை போட்டு "நீ செத்துப் போ" என்று முன்னே எப்போதோ சொன்னது மனதில் அரித்துக்கொண்டே இருக்கும், அதை யாரிடமும் சொல்ல முடியாது. ஒட்டுவாரொட்டி நோய் என்று பள்ளியில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். புற்றுநோய் தொற்றாது என்பதை ஆசிரியரே ஒருமுறை வகுப்பில் எழுந்து நின்று சொன்னால் அந்தப் பிள்ளையின் ஒரு வருடம் மாறும்.

அந்த அக்கா ஊர்ப் பக்கம் இருக்கும் நாட்களில் செய்வது இதைத்தான். சிகிச்சைக்குப் போயிருக்கும் வீடுகளில் மிச்சமிருக்கும் பிள்ளைகளைப் போய்ப் பார்ப்பது. ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், ஒரு செட் வெள்ளைச் சாக்ஸ். "இது உனக்கு. பாப்பாவுக்கு இல்ல, உனக்குத்தான்" என்று அழுத்திச் சொல்லிக் கொடுப்பார்.

*

தங்குமிடம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பாப் உட்வர்ட் என்பவரின் மகன் ராபர்ட்டுக்கும் நியூரோபிளாஸ்டோமா. மருத்துவமனைக்குப் பக்கத்தில் பெற்றோர் தங்க ஓர் இடமில்லை என்பதைத் தன் அனுபவத்தில் கண்ட உட்வர்ட், 1976-ல் 'கிளிக்' என்ற அமைப்பைத் தொடங்கினார். மகன் அடுத்த ஆண்டு இறந்தான். தகப்பன் வேலையை நிறுத்தவில்லை. குடும்பத்தோடு இலவசமாகத் தங்கும் வீடுகள், வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ்கள் என்று அது வளர்ந்தது. 2005-ல் இன்னொரு அமைப்போடு இணைந்து, இன்று 'யங் லைவ்ஸ் வெர்சஸ் கேன்சர்' என்ற பெயரில் நடக்கிறது. கிளிக் தொடங்குவதற்கு இரண்டாண்டு முன்பே, 1974-ல், ஃபிலடெல்ஃபியாவில் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறந்திருந்தது. குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஆட்ரி எவன்ஸும், லுக்கேமியா வந்த ஒரு சிறுமியின் தகப்பனான அமெரிக்கக் கால்பந்து வீரரும் அவருடைய அணியும் சேர்ந்து உருவாக்கியது அது.

நம் நாட்டில் 2006-ல் மும்பையில் நிஹால் கவிரத்னேயும் ஷியாமாவும் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா இல்லங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. சென்னையிலும் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு தனித் தங்குமிடம், எல்லாருக்கும் சேர்த்து ஒரு சமையலறை. சமைத்துப் போடுவதில்லை, அம்மாக்களே சமைத்துக்கொள்கிறார்கள். இதை யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஸ்டீராய்டு மாத்திரை ஓடும் வாரங்களில் பிள்ளைக்குப் பசி வந்தால் அது சாதாரணப் பசி இல்லை. நடு ராத்திரியில் எழுந்து மீன் குழம்பு வேண்டும் என்று அழும், காலையில் என்று சொன்னால் கேட்காது. பொட்டலச் சாப்பாட்டில் அதற்கு வழியில்லை. ஓர் அடுப்பும் கொஞ்சம் புளியும் மிளகாய்த் தூளும் இருந்தால் தாயால் ஏதாவது செய்ய முடியும். தன் கையால் பிள்ளைக்கு ஆக்கிப் போடுவது ஒன்றுதான் அந்த நாட்களில் அவள் வசம் மிச்சம் இருக்கும் அதிகாரம். மற்ற எல்லாமே டாக்டர் கையில்.

*

பிறந்தநாள், நினைவுநாள் என்று வார்டுக்கு வருபவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். கிரீம் கேக், பிரியாணிப் பொட்டலம், வெட்டிய பழம். கவுண்ட் குறைந்த பிள்ளைக்கு இதில் எதுவும் கொடுக்கக் கூடாது. அப்போது ஆக்கிய சூடான சாப்பாடு, காய்ச்சி ஆறிய தண்ணீர், முழுதாக வாங்கி வீட்டில் தோலுரித்த பழம், அவ்வளவுதான். கேக்கைப் பார்த்துப் பிள்ளை அழ, தாய் முகத்தைத் திருப்பிக்கொள்ள, கொண்டுவந்தவர் மனம் நோக, யாருக்கும் நிம்மதி இல்லை.

அந்தக் காசைச் சமையலறைக்குக் கொடுங்கள். ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு மாத முட்டை. உடம்பில் சத்தில்லாத பிள்ளை கீமோவைத் தாங்காது, மருந்தைத் தள்ளிப்போட வேண்டிவரும். முட்டையும் பருப்பும் சிகிச்சைதான்.

மொட்டைத் தலைப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக் காசோலையோடு போட்டோ எடுக்காதீர்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

*

"எந்த ஜென்மத்துப் பாவமோ." "மாசமா இருக்கும்போது என்னத்தைத் தின்னாளோ."

குழந்தைப் புற்றுநோய்களில் சுமார் 10 சதவீதத்துக்குத்தான் பரம்பரையாக வரும் மரபணுக் கூறு இருக்கிறது. கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா சில குடும்பங்களில் தொடர்வது அப்படித்தான்; போட்டோவில் பிள்ளையின் கருவிழி நடுவே வெள்ளையாகப் பளிச்சிட்டால் உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். மற்றபடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. தாய் தின்றதாலோ தின்னாததாலோ இல்லை. இதை ஒரு டாக்டர் மாமியாரை எதிரில் உட்கார வைத்துச் சொன்னால் ஒரு கல்யாணம் உடையாமல் தப்பலாம். பிள்ளை போன பிறகு தாயும் தகப்பனும் பிரிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். தகப்பன்மார் அழுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. அக்காவின் கணவர் இன்றுவரை சென்னைக்கு வந்ததில்லை. ஆனால் அக்கா சென்னைக்குக் கிளம்பும் நாளில் விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கூடவே கடலை உருண்டைப் பொட்டலம் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்புகிறார், வார்டில் கூட இருப்பவர்களுக்கு.

*

இழப்பிலிருந்து மருந்து பிறந்த கதையும் இருக்கிறது, சென்னை வழியாக. எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-ல் ஆந்திரத்தின் பீமாவரத்தில் பிறந்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சகோதரர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்தார். அந்த நோய்க்கு வழி தேடிய மனிதர் அமெரிக்கா போய், லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் குழுவை வழிநடத்தினார். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அந்த வகை மருந்தை லுக்கேமியாக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகம் பிடித்தது. அப்படியானால் அதைத் தடுக்கும் மருந்து நோயையும் தடுக்குமே என்று யோசித்தார். சுப்பாராவின் குழு செய்த அமினோப்டெரின் வந்தது. 1948-ல் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில், மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. சில மாதங்களுக்குத்தான். ஆனால் அதுவரை எந்த மருந்துக்கும் அந்த நோய் இப்படிப் பின்வாங்கியதில்லை. அதே ஆண்டு சுப்பாராவ் இறந்தார். அந்த மருந்தின் தம்பியான மீதோட்ரெக்ஸேட், இன்றும் அக்காவின் தாழ்வாரத்துக்கு உள்ளே லுக்கேமியாப் பிள்ளைகளின் முதுகில் ஊசியாக இறங்குகிறது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் வேர் ஓர் இழப்பில்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவர் முயற்சியில் 1954-ல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை தொடங்கியது. 1960-ல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு, நாட்டிலேயே முதன்முதலாக. டாக்டர் சாந்தா தன் காலம் முழுக்க அங்கேயே இருந்தார். 1980-களில் அடையாறும் மும்பை டாட்டா மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் அமெரிக்காவில் பணிபுரிந்த மருத்துவர் இயன் மக்ராத்தோடு சேர்ந்து, நம் பிள்ளைகளின் உடம்புக்கும் நம் மருத்துவமனைகளின் வசதிக்கும் ஏற்றபடி லுக்கேமியாவுக்கு ஒரு சிகிச்சை முறையை வகுத்தார்கள். பிழைக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை உயர்ந்தது.

இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ ஊரின் சூசன் ஈஸ்ட்வுட் 1959-ல் ஆறு வயதில் லுக்கேமியாவில் இறந்தாள். பெற்றோர் திரட்டிய பணத்தில் 1960-ல் பிறந்த ஆராய்ச்சி நிதிதான் இன்றைய 'பிளட் கேன்சர் யுகே'. அவள் இறந்த காலத்தில் இந்த நோய் வந்த குழந்தைகள் கிட்டத்தட்ட எல்லாரும் இறந்தார்கள். இன்று அங்கே பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

*

எல்லாத் தாயும் இதைச் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. பிள்ளையை இழந்தவர் அந்த மருத்துவமனை இருக்கும் சாலை வழியாகக்கூடப் போகாமல் சுற்றிப் போனால் அதுவும் சரிதான். "அந்த அம்மாவைப் பாரு, எப்படிச் சேவை செய்றாங்க" என்று ஒருவர் துக்கத்தை இன்னொருவர் துக்கத்துக்கு அளவுகோலாக்குவது கொடுமை. அக்காவே சொல்வார்: "எனக்கு இங்க வந்தா மூச்சு விட முடியுது, அதனால வரேன். வீட்ல இருந்தா முடியல."

*

கேட்பவர்களுக்கு அவர் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். வார்டில் எப்போதும் குறைவது ப்ளேட்லெட். ரத்தம் உறைய உதவும் இந்த அணுக்களை எடுத்த பிறகு 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் யாரும் சேர்த்து வைக்க முடியாது, தினமும் புதிதாக ஆள் வேண்டும். இயந்திரம் வழியாக ப்ளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி ரத்தத்தை உடம்புக்கே திருப்பிவிடுகிறார்கள். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஆகும். உடல்நலம் உள்ளவர் 48 மணி நேர இடைவெளிக்குப் பிறகு மறுபடி கொடுக்கலாம், ஆண்டுக்கு 24 தடவைவரை. வெளியூர்க் குடும்பத்துக்குச் சென்னையில் தெரிந்தவர் யாரும் இருப்பதில்லை. தகப்பன் ஒருவன், ரத்த வங்கி வாசலில் போனை வைத்துக்கொண்டு யாருக்குப் பேசுவது என்று தெரியாமல் நிற்பான்.

அக்காவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. கல்லூரிப் பையன்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்யும் பெண்கள், இரண்டு போலீஸ்காரர்கள். பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, போன் நம்பர். அட்டையில் மகள் பெயர். போன் செய்யும்போது தன் பெயரைச் சொல்ல மாட்டார், அவள் பெயரைச் சொல்லி "அவளோட அம்மா பேசறேன்" என்பார். மறுமுனையில் எல்லாருக்கும் தெரியும். எந்த வார்டு, எத்தனை மணிக்கு வரணும் என்றுதான் அடுத்த கேள்வி.